மணல்மேட்டின் மறுபுறத்தில் வருபவர்

அவுஸ்திரேலியாக் கண்டத்தின் நடுப்பகுதியில் சிம்சன் பாலைவனம் என்றொரு செம்மணற் பிரதேசம் இருக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 176,500 சதுர கிலோமீற்றர். எமது இலங்கையைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். கடலலைகள் ஓடும்போதே உறைந்து நின்றாற்போல, ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட மணல்மேடுகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ வடக்குத் தெற்காக, நீண்டு கிடக்கின்றன. 1960களில் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சுக் கம்பனியொன்று இம்மேடுகளை ஊடறுத்துத் தடமொன்று வெட்டிற்று. 'பிரெஞ்சுத் தடம்' என்று இன்றும் வழங்கும் அந்த வழியாலும் அதனையொத்த வேறு சில வழிகளாலும், நான்கு சில்லுகளிலும் விசை பாயும் ஜீப் வண்டிகளில் உல்லாசப் பிரயாணிகள் அப்பாலைவனத்தைக் கடந்து வருகின்றனர்.

மணல்மேட்டில் ஏறுவது மலைப்பாதையில் ஏறுவது போன்றதன்று. மெதுவாக ஊர்ந்தால் சில்லுகள் புதைந்துவிடும். ஆதலின் சாரதி சற்று வேகம் பிடித்தே ஏறவேண்டும். உச்சியை நெருங்கும்போது வண்டியின் மூக்கு நிமிர்ந்து நிற்கும். எதிரே நீலவானந் தவிர வேறொன்றும் தெரியாது. அதே கணத்தில் மறுபுறத்திலிருந்து இன்னொருவர், அவரும் வேகம் பிடித்து, அவரும் வானத்தையே பார்த்துக்கொண்டு, அதே ஒற்றைத் தடத்தில் ஏறிவந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்கவேண்டியதில்லை. அப்படி மோதல்கள் நேர்ந்ததும் உண்டு. இதன் பொருட்டே அங்கு செல்லும் ஒவ்வொரு வண்டியும் நிலத்திலிருந்து 3.5 மீற்றர் உயரத்தில் நிறக்கொடியொன்றைப் பறக்கவிடவேண்டுமென விதி செய்திருக்கின்றனர். கொடி கண்ணுக்கு, காதுக்கு இருவழி வானொலி.

மெல்பேணில் குடியிருக்கும் எமது மருமகன், வருகிற யூலை மாதத்தில் நண்பரொருவரின் குடும்பத்தோடு சேர்ந்து, இரண்டு வண்டிகளில் இப்பாலைவனத்தைக் கடக்கத் திட்டமிட்டிருக்கின்றான். கடைகளின் விலைப்பட்டியல்களைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, இதிலை எதை வாங்கிறது? விலை கூடினதுதானே கனதூரம் கேக்கும்?" என்று எழுதிக் கேட்டான். எமது வாசகர்களுள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்நாட்டுக்கு அனுப்பியவர்கள் பலர். விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கும் இதில் அலைகளைப் பற்றிய பாடமொன்று உண்டு. ஆதலின் அவனுக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே தருகின்றோம்.

எந்தப் பெட்டி என்பது முதற் கேள்வியன்று. யாரோடு பேசுவதற்கு என்பதே முதற் கேள்வி. பாலைவனத்தில் நாம் பேச விரும்புவோர் மூவகையினர். பின்னால் வரும் எமது கூட்டாளி ஒருவர். எதிரே வரும் முன்பின் அறியாத வழிப்போக்கர் இன்னொருவர். நோயோ விபத்தோ நேர்ந்தவிடத்து எமக்கு வேண்டிய, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் வைத்தியர் மூன்றாமவர். முதலிருவரோடும் பேசும் பெட்டியால் மூன்றாமவரை எட்ட முடியாது. இதை அறியாது, ஒரே பெட்டியில் எல்லாம் ஆகுமென்று எண்ணிப் பணத்தைக் கொட்டுவோரே அதிகம்.

அருகிலிருப்போரோடு பேசுவதற்கு அந்நாட்டில் எவரும் உபயோகிக்கத்தக்க வானொலிச் சேவையொன்று 1977 முதல் இருந்து வருகின்றது. அதனை 'யூ.எச்.எவ். சீ.பி.' என்பர். மீடிறன் 477 மெகாஹேட்ஸ் அளவில் அமைந்தது. தொடக்கத்தில் 40 அலைவரிசைகள்; 2011இல் அவற்றை நெருக்கி 80 ஆக்கினர். தனிப்பட்ட அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டியதில்லை. ஆனால் ஒலிபரப்பும் வலு 5 உவாற்றுக்கு மேற்படலாகாது. இவ்வரம்பு எல்லாப் பெட்டிக்கும் பொது. ஆகவே காரிற் பூட்டும் பெட்டிகளுள் விலை கூடியதும் குறைந்ததும் முழு வலுவில் அனுப்புவது அதே 5 உவாற்றைத்தான். மருமகனின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகின்றது.

அலைவரிசைகளுக்கு வழக்கத்தாலும் சட்டத்தாலும் வெவ்வேறு தொழில் உண்டு. நெடுஞ்சாலையில் லொறிச் சாரதிகள் பேசுவது 40ஆம் அலைவரிசை. அந்நாட்டில் மூன்று பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவி, 53.5 மீற்றர் நீளமாகச் செம்புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும் லொறிகள் உண்டு. அப்புழுதிக்குள் நுழைந்து முந்த எண்ணுபவர், முதலில் 40இல் அந்தச் சாரதியைக் கூப்பிட்டு வழி கேட்பது உயிருக்கு நல்லது. 18இல் இழுவை வீடுகளோடு ஊர் சுற்றுவோர் பேசுவர். 10இல் ஜீப் வண்டிக் கூட்டத்தார் பேசுவர். சிம்சன் பாலைவனத்தைக் கடப்போர் கேட்டுக்கொண்டிருப்பதும் இந்தப் பத்தையே. 22, 23 ஆகிய இரண்டும் தரவு அனுப்பும் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றில் மனிதர் பேசுதல் ஆகாது. 5உம் 35உம் ஆபத்துக்கு மட்டும். அவ்விரண்டிலும் எப்போதும் எவரோ காத்திருப்பாரென்று நம்பிவிடவுங் கூடாது. அப்படிக் காவலிருக்க எவருக்கும் கட்டாயமில்லை.

இனித் தூரத்துக்கு வருவோம். 477 மெகாஹேட்ஸ் அலை ஒளியைப்போல் ஏறத்தாழ நேர்கோட்டிலே செல்வது. பூமி உருண்டையாதலின், வெறும் வெளியிலும் ஓரெல்லைக்கு அப்பால் நிலமே அதனை மறைத்துவிடும். மாணவர்கள் தாமே கணக்குப் பார்க்கலாம். அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கினால் வானொலியின் அடிவானம் கிலோமீற்றரில் வரும். காரில் 2 மீற்றர் உயரத்திலுள்ள அன்ரனாவுக்கு அது 6 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மற்றைய காரும் அப்படியே இருந்தால் இருவருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீற்றர். சமதரையில் இதுவே கணக்குத் தரும் எல்லை. இடையில் குன்றும் காடும் இருந்தால் இன்னும் சுருங்கும். பெட்டியின் மேலட்டையில் இதனிலும் பன்மடங்கு பெரிய எண் அச்சிட்டிருந்தால், அது மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குப் பேசிய கணக்கென்று கொள்க. 400 மீற்றர் உயரமான குன்றொன்றில் மறுபரப்பி நிலையம் அமைந்திருந்தால், அதே 2 மீற்றர் அன்ரனாவிலிருந்து 88 கிலோமீற்றர் வரை எட்டுவதற்கு இடமுண்டு. அங்கங்கே அப்படிப்பட்ட நிலையங்களை ஊர்மக்கள் நிறுவியிருக்கின்றனர். பாலைவனத்தின் நடுவில் அவற்றை எதிர்பார்த்தல் வீண்.

பெட்டிகள் வலுவில் ஒன்றேயானால், வேறுபாடு எங்கே உண்டாகின்றது? அன்ரனாவிலும், அதனைப் பூட்டும் இடத்திலும், இரண்டையும் இணைக்கும் கேபிளிலும். யானையை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுபோல, பெட்டிக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அன்ரனாவில் மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கின்றார்கள். வேறு சிலர் 'நீளமானதே நல்லது' என்று கடையிலுள்ளவற்றுள் உயர்ந்த கம்பத்தை வாங்கிவிடுகின்றார்கள். எமது மருமகன் இரண்டாம் வகை.

அன்ரனாவின் ஆற்றலை 'டி.பி.ஐ.' என்ற டெசிபெல் அளவில் குறிப்பர். எல்லாத் திசைக்கும் சமமாக அலை வீசும் கற்பனைப் புள்ளியொன்றோடு ஒப்பிட்டுக் கூறும் கணக்கு அது. 3 டெசிபெல் கூடினால் அத்திசையில் வலு இரட்டித்ததாகும். ஆனால் அன்ரனா தானாக எந்த வலுவையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கத்துக்குக் கொடுக்கின்றது, அவ்வளவே. நிமிர்ந்து நிற்கும் சிறிய அன்ரனாவைச் சுற்றி அலை பரவும் உருவம் உழுந்து வடையைப் போன்றது. நடுத் துளையில் கம்பி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கங்களிலே பருத்து, மேலும் கீழும் ஓரளவு பரந்திருக்கும். அந்த மாவையே கூட்டாமல் குறைக்காமல் கையால் அழுத்தித் தட்டினால் என்ன ஆகும்? அகலம் கூடும், தடிப்புக் குறையும். 3 டி.பி.ஐ. அன்ரனா தடித்த வடை. 6 டி.பி.ஐ. சற்றுத் தட்டிய வடை. 9 டி.பி.ஐ. ஏறக்குறைய தட்டைவடை.

இதனால் தீரும் முடிவு எளிது. சமவெளியில் இரண்டு வண்டிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது தட்டைவடை தூரத்துக்கு எட்டும். மலைநாட்டில் ஒருவர் மேலேயும் ஒருவர் பள்ளத்திலேயும் இருக்கும்போது, அது பள்ளத்தில் இருப்பவரின் தலைக்கு மேலால் போய்விடும். சென்ற ஆண்டு விக்ரோறியா மாநிலத்தின் மலைப்பகுதியில் எமது மருமகனுக்கு இதுவே நிகழ்ந்தது. 9 டி.பி.ஐ. கம்பமொன்றை, ஏறத்தாழ ஆளுயரத்துக்கும் அதிகமானதை, பெருமையோடு நாட்டிக்கொண்டு போனான். ஆற்றைக் கடக்கும் இடத்தில் கீழே நின்ற நண்பர் 'வரவேண்டாம், நீர் பெருகிவிட்டது' என்று மூன்று தரம் கூப்பிட்டார். இவனுக்கு இரைச்சலே கேட்டது. நல்ல வேளையாக, இறங்குமுன் ஒருமுறை காலாற நடந்து பார்ப்போமென்று அவனுடைய மனைவி சொன்னாள். கையிலிருந்த சிறிய செற்றை வைத்துக்கொண்டு அவள் வளைவில் நின்றபோது நண்பரின் குரல் தெளிவாக வந்ததாம்.

அப்படியானால் பாலைவனத்துக்கு அந்த நீண்ட கம்பந்தானே சரி என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் சொல்வர். எமது எண்ணம் வேறு. மணல்மேட்டில் வண்டி ஒருகால் வானத்தையும் மறுகால் நிலத்தையும் நோக்கி ஆடிக்கொண்டே போகின்றது. தட்டைவடை அதனோடு சேர்ந்து சாய்கின்றது. ஒருமுறை நட்சத்திரங்களுக்கும் ஒருமுறை மணலுக்கும் எமது பேச்சைச் சொல்லுகின்றது. அன்றியும் அங்கே எமக்கு வேண்டியவர் 12 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவர் அல்லர். அடுத்த மேட்டுக்கு அப்பால், சில நூறு மீற்றர் தூரத்தில் வருபவர். அந்த அண்மையில் அலை மேட்டின் விளிம்பிலே சிறிது வளைந்தும் வந்து சேரும். 5 உவாற்று தாராளமாகப் போதும். தூரத்தைத் தேடி அருகிலுள்ளவரை இழப்பது விவேகமன்று. ஆகவே 6 டி.பி.ஐ. அளவான, ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான அன்ரனா ஒன்றைப் பூட்டும்படியும், மலைக்குப் போகும்போது மாற்றிக்கொள்ள 3 டி.பி.ஐ. குட்டைக் கம்பியொன்றைப் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளும்படியும் எழுதினோம். ஒரே அடியில் இரண்டையும் திருகி மாற்றத்தக்கனவாக வாங்கினால் வேலை இலகு. இங்கே மாணவர் ஒன்றைக் கவனிக்கலாம். 477 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 63 சதமமீற்றர். அரை அலை 31 சதமமீற்றருக்குச் சற்று மேல். குட்டை அன்ரனா ஒரு சாண் அரைச் சாணில் முடிந்துவிடுவதன் காரணம் இதுவே. அட்டையில் 'டி.பி.' என்று மட்டும் எழுதி, எதனோடு ஒப்பிட்ட கணக்கு என்பதைச் சொல்லாதிருந்தால், அந்த எண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும்.

பூட்டும் இடத்தைப் பற்றிச் சில வார்த்தை. கூரையின் நடுவே நிற்கும் அன்ரனாவுக்கு நாற்புறமும் தடையில்லை. ஆனால் மரக்கிளைகள் அதனை விட்டுவைப்பதில்லை. பெரும்பாலோர் வண்டியின் முன்னாலுள்ள காப்புக் கம்பிச் சட்டத்தில் பூட்டுகின்றனர். எட்டுவதற்கு இலகு, கேபிளும் குறுகியது. ஆயினும் உலோகக் கூரை பின்னாலிருந்து மறைப்பதால், பின்திசையில் குரல் சற்று மெலியும். இவ்விடத்தில் பூட்டுவதற்கு, உலோகத் தரையை எதிர்பாராத வகையான அன்ரனாவைக் கேட்டு வாங்கவேண்டும். கூரைச் சட்டத்தில் அடுக்கிய தகரப் பெட்டிகளுக்கும் பெற்றோல் கான்களுக்கும் பக்கத்தில் ஒட்டினாற்போல நாட்டுவது கூடவே கூடாது. அடியில் வில்லுச்சுருள் இருத்தல் நன்று. அந்நாட்டுச் செம்மண் வீதிகளின் குறுக்கு வரிப்பள்ளங்கள், மணித்தியாலக் கணக்காக வண்டியை உலுக்கி, இறுகிய ஆணிகளையும் கழற்றிவிடும். கொடிக்கம்பத்துக்கு வேறு இடம் பார்க்கவேண்டும். அன்ரனாவிலேயே கொடியைக் கட்டிவிடுகின்ற சிக்கனக்காரரும் இருக்கின்றார்கள். காற்றில் அது வளைந்து ஆடும்போது குரலும் சேர்ந்து ஆடும்.

கேபிளை எவரும் பார்ப்பதில்லை. குறை பெரும்பாலும் அங்கேதான். சாதாரண மெல்லிய கோஅக்சியல் கேபிள் 5 மீற்றர் ஓடினால், இந்த மீடிறனில் வலுவின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வழியிலே வெப்பமாகிப் போய்விடும். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி ஆசனத்துக்கடியில் திணிப்பவர் அந்த நட்டத்தை விலைகொடுத்து வாங்குகின்றார். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, முனையிலுள்ள இணைப்பியை நன்றாக ஈயம் பற்றவைத்து, நீர் புகாமல் மூடவேண்டும். கதவிடுக்கில் கேபிள் நசுங்கக்கூடாது. எல்லாம் முடிந்தபின் 'நிலையலை விகிதம்' அளக்கும் சிறு மானியை இடையில் வைத்துப் பார்க்கவேண்டும். 1.5 காட்டினால் நூற்றில் 4 பங்கே திரும்பி வருகின்றது; கவலையில்லை. 3 காட்டினால் நூற்றில் 25 பங்கு அன்ரனாவை அடைந்தும் வெளியேறாது பெட்டிக்கே திரும்பி வருகின்றது. அதனைத் திருத்தாமல் பேசிக்கொண்டிருந்தால் பெட்டியும் கெடும். அம்மானியின் விலை நல்லதொரு அன்ரனாவின் விலையிலும் குறைவு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாற் போதும்.

பெட்டியைத் தெரிவதில் நாம் அதிக நேரம் செலவிடச் சொல்லமாட்டோம். 80 அலைவரிசையும் உள்ளதாக, ஒலிபெருக்கி இயந்திர இரைச்சலை மீறிக் கேட்பதாக, குமிழ்கள் இருட்டிலும் கைக்குப் புலப்படுவதாக இருந்தாற் போதும். மின்சாரத்தைப் பற்றறியிலிருந்து நேரே எடுத்து, பற்றறிக்கு அண்மையிலேயே பியூஸ் ஒன்று வைக்கவேண்டும். சிகரெற் கொழுத்தும் துளையிலிருந்து எடுத்தால் இயந்திரத்தின் சீறலும் கூடவே வரும். கையடக்கச் செற் ஒன்றும் வாங்கலாம். வண்டிக்கு வெளியே நின்று வழிகாட்டுபவருக்கு அது பெரும் உதவி. ஆனால் வண்டிக்குள் இருந்துகொண்டு அதனாற் பேசினால் தகரக் கூடு அலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனை முதற் பெட்டியாக எண்ணுதல் தவறு.

மூன்றாமவரான வைத்தியரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. இதற்குப் பழைய கதையொன்று உண்டு. ஜோன் பிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928இல் குயின்ஸ்லாந்தின் குளொன்கரியில் பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கியது. விமானமும் வைத்தியரும் ஆயத்தம். ஆயின் தனித்த பண்ணையிலே குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை அவருக்கு அறிவிப்பது எவ்வாறு? அடிலெய்ட் நகரத்து அல்பிரட் டிரேகர் என்பவர், துவிச்சக்கரவண்டியை மிதிப்பதுபோல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிப் பெட்டியைச் செய்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளுக்குச் சென்றது. தாய்மார் மிதித்துக்கொண்டே மோர்ஸ் குறியீட்டில் செய்தி தட்டினர். பின்னாளில், 1951இல், அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரத்தில் அதே வானொலியைக் கொண்டே பள்ளிக்கூடமும் தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த பிள்ளைகள் ஆசிரியையின் குரலைக் கேட்டுப் படித்தார்கள்.

அவர்கள் உபயோகித்தது 'எச்.எவ்.' எனப்படும் குறைந்த மீடிறன். அவ்வலை வானத்தின் மேலுள்ள அயன்மண்டலத்திற் பட்டுத் திரும்பி, மலையையும் பாலைவனத்தையும் தாண்டி இறங்கும். இன்றும் ஜீப் வண்டிக்காரருக்கென அந்நாட்டில் எச்.எவ். வலையமைப்பு உண்டு. ஆனால் 5 மெகாஹேட்ஸுக்குக் கால் அலை நீளமே 15 மீற்றர். அத்துணை நீளக் கம்பியைக் காரில் எங்கே நாட்டுவது? ஆதலின் சுருளிட்டுச் சுருக்கிய பெரிய அன்ரனா வேண்டும். பெட்டியும் விலை மிக்கது. பகலுக்கும் இரவுக்கும் மீடிறனை மாற்றிப் பேசும் பழக்கமும் வேண்டும். ஆண்டுக்கொருமுறை போகின்றவருக்குச் செய்மதித் தொலைபேசியொன்றை வாடகைக்கு எடுப்பதே சுலபமென்பது எமது அபிப்பிராயம். அதனோடு 406 மெகாஹேட்ஸில் செய்மதியை நோக்கி அபயக்குரல் எழுப்பும் சிறு கருவியும் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியை இக்கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அந்நாட்டு நிலத்தின் பெரும்பகுதியில் அது வெறும் கடிகாரம்.

பெட்டி இருந்தாற் போதாது, பேசவேண்டும். முன்னால் போகும் வண்டி பெரிய மேடொன்றின் அடியில் வந்ததும், பத்தாம் அலைவரிசையில், "இரண்டு வண்டிகள், பிரெஞ்சுத் தடம், கிழக்கு நோக்கி ஏறுகின்றோம்" என்று சொல்லவேண்டும். எத்தனை வண்டி என்பதைச் சொல்வது அவசியம். முதல் வண்டி கடந்ததைக் கண்டு, தடம் வெறுமையாயிற்றென்று எதிரே வருபவர் ஏறத் தொடங்கிவிடுவார். சொல்லிவிட்டு விசையை விட்டுச் சற்றே கேட்கவும் வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக அலைவரிசையை அடைத்துக்கொண்டிருந்தால், மேட்டுக்கு அப்பாலிருப்பவரின் குரல் வருவதற்கு வழியிருக்காது.

இடையில் மருமகன் இன்னொன்றும் கேட்டிருந்தான். மிஞ்சும் பழைய செற் இரண்டையும் ஊருக்கு வரும்போது எமக்குக் கொண்டுவந்து தரலாமா என்று. வேண்டாமென்று எழுதிவிட்டோம். ஒரு நாட்டில் பொதுமக்களுக்கு விட்ட மீடிறன் இன்னொரு நாட்டில் வேறொருவருக்குரியது. இலங்கையில் வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கட்டுநாயக்காவில் சுங்கத்தாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எமக்கு வயது போய்விட்டது.

தென் அவுஸ்திரேலியப் பகுதியிலுள்ள சிம்சன் பாலைவனப் பூங்காவை, கோடை வெப்பத்தின் காரணமாக, ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவைக்கின்றனர். யூலைக்கு இன்னும் நாட்கள் கிடக்கின்றன. அதற்குள் நண்பரையும் அழைத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே போய், ஒரு வண்டியை நிறுத்தி மற்றதை ஓட்டி, எத்தனை கிலோமீற்றரில் குரல் மங்குகின்றது, வண்டியைப் பக்கவாட்டில் திருப்பினால் என்ன மாற்றம், சரிவில் நிறுத்தினால் என்ன மாற்றம் என்று குறித்தனுப்பும்படி கேட்டிருக்கின்றோம். முதற் குறிப்பு நேற்று வந்தது. பின்பக்கத்தில் அவன் எதிர்பார்த்ததிலும் குறைவாம். கூரைமேலிருந்த தகரப் பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கின்றோம்.